மூழ்குவார்க்கு ஓடம் தெரிதல்

கடலில் மூழ்கும் வித்தையைப் பற்றி எழுதப்புகுவோர் பெரும்பாலும் மீனையும் பவளத்தையும் வருணிப்பதோடு நின்றுவிடுகின்றனர். மூழ்குவானைக் கரையினின்று கொண்டுசென்று, கடலில் இறக்கிவிட்டு, அவன் மீண்டு எழுமளவும் மேலே காத்துநிற்கும் ஓடத்தைப் பற்றி எழுதுவார் அரியர். அவ்வோடத்தின் அமைப்பும் அதன்கண் உள்ளார் ஒழுக்கமும் செவ்வையாக இல்லாமையால் உயிர்கள் மாய்ந்த செய்திகள் சென்ற முப்பது ஆண்டுகளுக்குள்ளேயே சில உள. மேற்படிப்பின் பொருட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கும் ஆஸ்திரேலியாவிற்கும் செல்லும் நம் இளைஞருட் சிலர், அங்கே விடுமுறைக் காலத்தில் இவ்வித்தையைக் கற்றுக்கொண்டு, பின்னர் எந்த ஓடத்தில் ஏறுவது, அவ்விடத்து வழக்கம் யாது என்பவற்றை அறியாமல் மயங்குகின்றனர். அன்னார்க்குப் பயன்படுமென்று கருதியே இதனை எழுதத் துணிந்தோம். இங்கேயே இருந்து படிப்போர்க்கும் இது முற்றும் புறம்பான செய்தியன்று என்பது போகப்போக விளங்கும்.

முதற்கண் இவ்வித்தை இன்னதென்று சுருங்கக் கூறுவோம். 1943-ஆம் ஆண்டில் பிரான்ஸு தேசத்துக் கடற்படை உத்தியோகஸ்தராகிய ழாக் கூஸ்தோ என்பவரும் எமீல் காஞான் என்னும் யந்திர நிபுணரும் சேர்ந்து ஒரு சுவாசக் கருவியை அமைத்தனர். இக்காலத்து ஸ்கூபா என வழங்குவதற்கு அதுவே மூலம். மூழ்குவான் முதுகிற் சுமக்கும் சிலிண்டரில் காற்று மிக்க அழுத்தத்தோடு அடைக்கப்பட்டிருக்கும். அவன் மூச்சை உள்ளிழுக்குந்தோறும் அக்காற்று, அவனைச் சூழ்ந்த நீரின் அழுத்தத்திற்கு ஒப்பக் குறைந்து வாயில் வந்து சேரும். கடலில் ஏறக்குறைய 33 அடி இறங்குந்தோறும் ஒரு வாயுமண்டல அழுத்தம் கூடுகின்றது. ஆதலின் இவ்வொப்புமை இன்றேல் ஆழத்தில் மனிதன் நெஞ்சு விரிந்து மூச்சு வாங்குதல் இயலாது. கருவி எளியதே. அது தந்த சுதந்திரமோ பெரிது.

அச்சுதந்திரத்தோடு கூடவே ஓர் இழப்பும் வந்தது. நம் மன்னார்க் குடாவில் முத்துக் குளித்தோரை எண்ணிப் பார்ப்போம். அவர்கள் கல்லின் பாரத்தால் விரைந்து இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பியை வாரிக் கூடையில் இட்டுக் கயிற்றை அசைப்பர். தோணியில் இருப்பவன் உடனே இழுப்பான். கயிறு பிடிப்பவன் மனைவியின் உடன்பிறந்தானாகவே இருத்தல் வேண்டும், தன் சகோதரியின் தாலியை நினைத்தேனும் அவன் அயரமாட்டான் என்று நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அது பேச்சாகவே இருப்பினும் இருக்கட்டும். ஸ்கூபாவைக் கொண்டு மூழ்குவானுக்கு அக்கயிறு இல்லை. அவன் விரும்பிய திசையில் செல்வான். மேலே இருப்போர் அவன் எங்குளான் என்பதைக் குமிழி கண்டு ஒருவாறு ஊகிக்கலாமேயன்றி அறியமாட்டார். முன்னாளில் கயிறு செய்த வேலையை இந்நாளில் ஓடத்தாரின் கணக்கும் கவனமும் செய்யவேண்டியிருக்கின்றது. நாம் ஓடம் தெரிந்தெடுக்கும்பொழுது உண்மையில் தெரிந்தெடுப்பது இவ்விரண்டையுமே.

ஓடம் அமர்த்துதல் இரு வகைப்படும். ஒரு சங்கத்தாரோ ஒரு கடைக்காரரோ முழு ஓடத்தையும் ஒரு நாளைக்கோ சில நாட்களுக்கோ பேசிக்கொள்ளுதல் ஒன்று. ஓடத்தார் தாமே நாளைக் குறித்து, வருவோர்க்கு ஆளுக்கு இவ்வளவு என்று இடம் விற்றல் மற்றொன்று. முதல் வகையிற் செல்வோர்க்கு ஓரையம் எழவேண்டும். மூழ்குவாரை எண்ணி ஏற்பது சங்கத்தாரின் கடமையா, ஓடத்தாரின் கடமையா என்பதே அது. இருவரும் மற்றவர் செய்வரென்று இருந்துவிடின் ஒருவரும் செய்யாராவர். ஆகவே, பணம் கொடுக்கு முன்னரே இதனைக் கேட்டுத் தெளிதல் நன்று.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் மற்றொரு வேறுபாடும் உண்டு. கூலி கொடுக்கும் பிரயாணிகள் 6 பேருக்கு மேற்படாமல் ஏற்றிச் செல்லும் சிறு ஓடத்தை நடத்துவோனுக்குக் கடலோரக் காவற்படையாரின் உரிமைச் சீட்டு இருத்தல் வேண்டும். ஆயினும் அவ்வோடம் அவர்களால் பரிசோதிக்கப்பட வேண்டுவதில்லை. 6 பேருக்கு மேல் ஏற்றுவதாயின், ஓடமே அவர்களாற் பரிசோதிக்கப்பட்டு, எத்தனை பேரை ஏற்றலாம், எத்தனை மாலுமிகள் இருத்தல் வேண்டும், எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பன குறித்த அத்தாட்சிப் பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். அப்பத்திரம் பிரயாணிகள் கண்ணிற் படும்படி ஓடத்தில் மாட்டப்பட்டிருக்கும். சிறிய ஓடங்களெல்லாம் தீயன என்று நாம் சொல்லவரவில்லை. திறமை மிக்க தலைவர்கள் பலர் சிறிய ஓடங்களையே நடத்துகின்றனர். ஆனால் அவற்றில் ஏறுவோன், பரிசோதகன் பார்த்திருக்கவேண்டியதைத் தானே பார்த்துக்கொள்ளக் கடவன்.

இனி, இடந்தோறும் வழக்கம் வேறுபடுதலைக் காண்போம். தென் கலிபோர்னியாவின் கரைக்கு அப்பால் எட்டுத் தீவுகள் உள. அவற்றுள் அனகபா, ஸாந்தா குரூஸ், ஸாந்தா ரோஸா, ஸான் மிகேல், ஸாந்தா பார்பரா என்னும் ஐந்தும் 1980-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. இவற்றைச் சூழ்ந்த கடலில் கெல்ப் என்னும் பெரும்பாசி காடுபோல் வளர்கின்றது. அடியிற் பாறையைப் பற்றி நின்று, மேற்பரப்பு வரையில் ஓங்கி, அங்கே பந்தலிட்டாற்போற் படரும். ஏற்ற காலத்தில் நாளொன்றுக்கு இரண்டடி வரையில் வளரவல்லது. அக்காட்டினூடே வெயில் இறங்கும் காட்சியைக் கண்டோர், பவளக் கடலை விட்டும் இதனையே நாடுவர். நீர் குளிர்ந்தது, கால் அங்குலத்துக்கு மேற்பட்ட கனமுள்ள ரப்பர் உடையின்றி நம்மவர் அதில் பத்து நிமிஷம் தாங்கார் என்பது எம் கருத்து.

இங்குள்ள ஓடங்களிற் பல, படுக்கை வசதியுடையன. பிரயாணிகள் முந்திய இரவே ஏறிப் படுத்துக்கொள்வர். விடியுமுன் ஓடம் புறப்பட்டு, கண்விழிக்கையில் தீவின் அருகில் நிற்கும். ஒவ்வொருவனுக்கும் தளத்தின்மேல் ஒரு பெஞ்சியில் ஓரிடம் உண்டு. அவன் சிலிண்டர் அங்கேயே கட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் மூழ்கி வந்தபின், மாலுமி நீண்ட குழாயைக் கொணர்ந்து அதனை இருந்த இடத்திலேயே நிரப்புவான். ஆதலின் ஒருவன் இடத்தை மற்றொருவன் கவர்தல் பெருங்குற்றமாகக் கருதப்படும். நனைந்த உடையோடு சமையற்கூடத்திலோ படுக்கையறையிலோ புகுதல் ஆகாது. முகக்கண்ணாடி கழுவுதற்கும் புகைப்படக் கருவி நனைத்தற்கும் தனித்தனித் தொட்டிகள் உள்ள ஓடங்களில், ஒன்றில் செய்யவேண்டியதை மற்றொன்றிற் செய்தலாகாது. கண்ணாடியில் உமிழ்நீர் தடவுவோர் அதனைப் படக்கருவித் தொட்டியிற் கழுவினால் அன்று முழுதும் அவருடன் பேசுவார் இலர். காலில் அணியும் துடுப்புகளை மாட்டிக்கொண்டு தளத்தில் நடத்தலும் கூடாது. குதிக்கும் வாயிலண்டை வந்து, கைப்பிடியைப் பற்றிநின்று, அங்கேதான் அணிதல் வேண்டும். இவையெல்லாம் அற்பமானவை போல் தோன்றும். ஆடும் ஓடத்தில் முதுகிற் சுமையோடு முப்பது பேர் நடமாடும்பொழுதுதான் இவற்றின் காரணம் புலனாகும்.

வெளியூரார் வியப்பது வேறொன்றுண்டு. கலிபோர்னிய ஓடங்களில் வழிகாட்டி ஒருவன் நீருக்குள் நம்முடன் வருதல் பொதுவாக வழக்கமன்று. நங்கூரம் இட்டபின், மூழ்குவோர் தலைவன் தளத்தில் நின்று, அடியிலுள்ள பாறை எப்பக்கம் சாய்கின்றது, நீரோட்டம் எத்திசையிற் செல்கின்றது, எவ்வளவு காற்று எஞ்சும்போது திரும்புதல் வேண்டும் என்பவற்றை விவரிப்பான். அதன்பின் இருவர் இருவராக இறங்கித் தாமே சென்று தாமே மீளவேண்டும். இந்தோனேஷியாவிலும் மெக்ஸிகோவின் கோஸுமெல் தீவிலும் வழிகாட்டியின் பின்னே சென்று பழகினவன், இங்கே தன்னைக் கைவிட்டதாக எண்ணிக் கோபங்கொள்வான். இங்கே பழகினவனோ, அங்குப் போய், தன்னைக் குழந்தைபோல் நடத்துகின்றனர் என்று முணுமுணுப்பான். இருவர் கோபத்திற்கும் காரணம் முன்னதாகக் கேட்டறியாமையே. திசைகாட்டி பார்த்து மீளத் தெரியாதவன் கலிபோர்னிய ஓடத்தில் ஏறுமுன், அதனைப் பயிலுதலோ, தனியே வழிகாட்டியைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளுதலோ வேண்டும். தனித்து வந்தவனுக்கு இணை ஒருவரைச் சேர்த்துத் தருவார்களா என்பதும் கேட்கத்தக்கதே.

நங்கூரமிட்ட ஓடத்தினின்று இறங்குவோன் முதலில் நீரோட்டத்தை எதிர்த்துச் செல்லுதல் முறை. களைத்த பின் மீள்கையில் நீரே அவனை ஓடத்தண்டை கொண்டுவரும். இதனை மறந்து போகும்போது உடன்பாட்டிற் சென்றவன், வருகையில் எதிர்த்து நீந்தமாட்டாது ஓடத்துக்குப் பின்னே எழுவான். அத்தகையோர் பொருட்டே பின்புறத்தினின்று நீண்ட கயிறு ஒன்று மிதவையோடு நீரில் விடப்பட்டிருக்கும். அதைப் பற்றிக்கொண்டு வருதல் இழிவன்று. பாசிக்காட்டில் மேலே எழுந்துவிட்டால், கைகால்களை உதறினால் கொடிகள் சுற்றிக்கொள்ளும். அமைதியாகப் படுத்து, பாசியை அழுத்தி அழுத்தித் தவழ்ந்து வருதல் வேண்டும். அதனினும் சிறந்தது, காற்றைச் சிறிது மிச்சம் வைத்திருந்து பந்தலின் அடியாகவே மீளுதல்.

உயிர்களைப் பிடித்தலிலும் இடத்துச் சட்டம் உண்டு. சிங்கிறாலைக் குறித்த பருவத்தில், உரிமைச் சீட்டும் கணக்கு அட்டையும் உடையவன், வெறுங்கையால் மட்டுமே பிடிக்கலாம். நாளொன்றுக்கு 7-க்கு மேல் கூடாது. ஓட்டின் நீளம் 3¼ அங்குலத்திற்குக் குறைந்ததை அப்பொழுதே விட்டுவிட வேண்டும். கரிபால்டி என்னும் செம்பொன் நிற மீனைத் தொடலாகாது; அது அவ்விராஜ்யத்தின் கடல்மீனாகச் சிறப்பிக்கப்பட்டது. தீவுகளைச் சூழ்ந்த சில பகுதிகளில் 2003 முதல் எதையும் எடுக்கவே கூடாது. எல்லை எங்கே தொடங்குகின்றதென்று ஓடத்தலைவனே அறிவான். அறியாதவனாயின் அவன் ஓடத்தில் ஏறுதல் தகாது.

இனிக் கூறப்போவது வருத்தம் தரும் செய்தி. 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் 2-ஆந் தேதி, விடியற்காலை 3 மணிக்குப் பின், ஸாந்தா குரூஸ் தீவின் வடபால் நங்கூரமிட்டிருந்த கன்செப்ஷன் என்னும் 75 அடி நீளமுள்ள ஓடம் தீப்பற்றியது. 33 பிரயாணிகளும் மாலுமி ஒருவரும் கீழ்த்தளத்திற் படுத்திருந்தனர். தலைவன் உட்பட ஏனைய ஐவர் மேல்தளத்தில் உறங்கினர். இவ்வைவரும் கடலிற் குதித்துப் பிழைத்தனர். கீழே இருந்த 34 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கீழ்த்தளத்தினின்று வெளியேற இருவழிகள் இருந்தன. முன்புறத்தில் படிக்கட்டு, பின்புறத்தில் படுக்கையின் மேலே ஒரு திறப்பு. ஆனால் இரண்டும் போய்ச் சேர்வது ஒரே கூடத்தில். தீப்பற்றியது அக்கூடத்தில்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையார் 2020-இல் தம் முடிவைக் கூறினர். ஓடம் தண்ணீரில் கீழே அமிழ்ந்து எரிந்துபோனமையால் தீ எதனால் மூண்டதென்று அவர்களால் நிச்சயிக்கக் கூடவில்லை. மின்சாரக் கம்பிகளோ, இரவில் ஆளில்லாமல் மின்னேற்றம் செய்யப்பட்ட பாட்டரிகளோ காரணமாயிருத்தல் கூடும். ஆயினும் ஒன்று தெளிவு. இரவில் பிரயாணிகள் உறங்கும்போது ஒருவன் விழித்திருந்து ஓடத்தைச் சுற்றிவருதல் வேண்டுமென்று அதன் அத்தாட்சிப் பத்திரத்திலேயே விதிக்கப்பட்டிருந்தது. அவ்விரவில் விழித்திருந்தார் ஒருவரும் இலர். தீ தொடங்கிய கூடத்தில் புகையை உணர்த்தும் கருவியும் இல்லை. தலைவன் 2023-இல் குற்றவாளியென்று தீர்ப்பளிக்கப்பட்டு, 2024-இல் 4 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றான். 2021 டிசம்பரில் கடலோரக் காவற்படையார் இத்தகைய ஓடங்களுக்குப் புதிய இடைக்கால விதிகளை வெளியிட்டனர். புகையுணர் கருவிகள் ஒன்று கூவினால் எல்லாம் கூவுமாறு இணைக்கப்படுதலும், வெளியேறும் வழிகள் தனித்தனியே அமைதலும், இரவுக் காவலன் சுற்றிவருதலைப் பதிவு செய்தலும் அவற்றுள் அடங்கும்.

இதில் நாம் உற்றுநோக்கவேண்டியது, அவ்வோடம் பரிசோதனை பெற்ற ஓடம் என்பதே. நற்பெயரும் உடையது, ஆண்டுதோறும் விரும்பி வந்தோர் பலர். ஆகவே, மேலே நாம் புகழ்ந்த அத்தாட்சிப் பத்திரம் மட்டும் போதியதன்று. அதிலெழுதியதை ஓடத்தார் செய்கின்றனரா என்று கேட்கும் கடமை பிரயாணிக்கும் உண்டு. "இன்றிரவு விழித்திருப்பவர் யார்? அவர் பெயர் என்ன?" என்று ஏறியவுடன் கேட்க வேண்டும். நம்மவர்க்கு இத்தகைய கேள்வி கேட்கக் கூச்சம் மிகுதி. விருந்துக்குச் சென்ற வீட்டில் அரிசி கழுவினீர்களா என்று கேட்பது போலத் தோன்றும். கூசவேண்டுவதில்லை. நல்ல தலைவன் இதற்கு முகஞ்சுளிக்கமாட்டான்; சுளிப்பானாயின் பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடலாம், கொடுத்த பணம் போயினும் போகட்டும். படுக்கையிற் சாய்வதற்கு முன், இரண்டாம் வழி எங்குளதென்று பார்த்தால் மட்டும் போதாது. கண்ணை மூடிக்கொண்டு தடவியே அங்குப் போய்ச்சேர முடிகின்றதாவென்று ஒருமுறை செய்து பார்த்தல் வேண்டும். விளக்கு, புகைப்படக் கருவி முதலியவற்றின் பாட்டரிகளை எவ்விடத்தில் எந்நேரத்தில் மின்னேற்றம் செய்யலாமென்பதையும் கேட்டு அதன்படி ஒழுகுக.

அடுத்தது எண்ணிக்கை. ஆஸ்திரேலியாவின் குயீன்ஸ்லாந்து மாகாணத்தில் போர்ட் டக்ளஸ் என்னும் துறையினின்று 1998 ஜனவரி 25-ஆந் தேதி 26 பேரோடு பெரும்பவளத் திட்டுக்குச் சென்ற ஓடமொன்று, அமெரிக்கத் தம்பதிகள் இருவரைக் கடலிலேயே விட்டுத் திரும்பியது. எண்ணினார்கள், எண்ணிக்கை சரியென்று எண்ணிக்கொண்டார்கள். அவர்தம் பை ஓடத்திற் கிடந்தது இரண்டு நாட்களுக்குப் பின்னரே உணரப்பட்டது. தேடியும் அவ்விருவர் கிடைத்திலர். தலையை எண்ணுவதிலுள்ள பிழை இதுதான்: ஓடத்தில் உள்ளவர் அசைவர், ஒருவன் ஏறியபின் மறுபடியும் நீந்துதற்குக் குதிப்பான், எண்ணுவோனும் வீடு திரும்பும் அவசரத்திலிருப்பான். அதன்பின் அம்மாகாணத்தில் விதிகள் இறுக்கப்பட்டன. 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், இறங்கினோரையும் ஏறினோரையும் எண்ணி, பெயரோடும் நேரத்தோடும் எழுத்திற் பதிதல் கட்டாயம். மூழ்கி வந்தவன் தானே கையெழுத்திடுமாறு கேட்கப்படுவான். மூன்று முறை கேட்கின்றார்களே என்று நம் மாணவர் சலித்துக்கொள்ளாதிருப்பாராக.

எழுத்தும் பொய்க்கும் என்பதற்குக் கலிபோர்னியாவில் 2004 ஏப்ரலில் நிகழ்ந்தது சான்று. கடலிலுள்ள எண்ணெய்க் கிணற்று மேடையொன்றின் அருகில் இறங்கிய ஒருவர், நீரோட்டத்தால் விலகி மேலெழுந்தார். மூடுபனி அடைந்திருந்தது. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே அவர் வந்துவிட்டதாகக் குறிக்கப்பட்டிருந்தமையால், ஓடம் அவரை விட்டுவிட்டு அடுத்த இடத்திற்குப் போயிற்று. அவ்விடத்திலும் அவர் மூழ்கியதாகவே குறிப்பு எழுதப்பட்டது! சில மணி நேரம் மிதந்தபின், சாரணச் சிறுவரை ஏற்றிவந்த பாய்க்கப்பல் ஒன்று தற்செயலாக அவரைக் கண்டு காப்பாற்றியது. இன்று நல்ல ஓடங்களில் பெயர் கூப்பிடும்போது, கூப்பிடுவோன் அவனவன் முகத்தைக் கண்ணாற் கண்டபின்னரே குறியிடுவான். நண்பன் கழிப்பறையில் இருக்கின்றான் என்று அவன் பொருட்டு நாம் குரல் கொடுத்தலாகாது. கல்லூரியில் வருகைப் பதிவின்போது சிலர் சிலர்க்காகக் குரல் கொடுப்பதுண்டென்று அறிவோம். அப்பழக்கத்தை ஓடத்திற்குக் கொண்டுபோகாதிருத்தல் வேண்டும்.

பிளாரிடாவின் கீழ்க்கரைக்குச் சென்றால் முறை தலைகீழாக மாறுகின்றது. அங்கே பாம் பீச்சுக்கு அப்பால் வளைகுடா நீரோட்டம் கரையை அண்டி வடக்கு நோக்கி ஓடுகின்றது. அதனை எதிர்த்து நீந்துதல் வீண். ஓடமும் நங்கூரம் இடுவதில்லை. எல்லோரும் ஒருசேரக் குதித்து, உடனே அடிக்குச் சென்று, நீர் கொண்டுபோகும் வழியே போகவேண்டும். முன்செல்வோன் கையில் மேலே மிதக்கும் கொடியோடு கட்டிய கயிறு இருக்கும். ஓடம் அக்கொடியைத் தொடர்ந்து வரும். பழைய கயிறு இங்கே வேறுருவில் மீண்டும் வந்தது போலும். குதிப்பதில் ஒருவன் அரைநிமிஷம் தாமதித்தால் கூட்டத்தினின்று வெகுதூரம் பிரிந்துவிடுவான். ஆகவே, தளத்திலேயே கருவிகளைச் சோதித்து முடித்து, சொல்லியவுடன் குதித்தல் அங்கு மரியாதை மட்டுமன்று, பாதுகாப்புமாம். மேலே எழுந்தபின் ஓடத்தை நோக்கி நீந்துதல் கூடவே கூடாது. இருந்த இடத்திலேயே கூடிநிற்க, ஓடம் நம்மிடம் வரும். தலைவன் இஞ்சின் விசிறியின் சுழற்சியை நிறுத்தி, வருக என்று சொன்ன பின்னரே, ஒருவர்பின் ஒருவராக ஏணியைப் பற்றவேண்டும். ஏறுவோனுக்கு நேர்கீழே நிற்றல் ஆகாது; அவன் முதுகிலுள்ள சிலிண்டர் நழுவினால் நம் தலைமேல் விழும்.

சிவப்புத் துணியில் குறுக்கே வெள்ளைக் கோடிட்ட கொடி அந்நாட்டில் மூழ்குவோர் அடையாளம். பிளாரிடாச் சட்டப்படி, அதனைக் கண்ட ஏனைய ஓடங்கள் திறந்த கடலில் 300 அடியும், கால்வாய் முகத்துவாரம் முதலியவற்றில் 100 அடியும் விலகிப்போக முயலுதல் வேண்டும். அணுக நேர்ந்தால் மிக மெதுவாகச் செல்லுதல் வேண்டும். எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. ஆதலால் கொடிக்கு அருகிலேயே எழுதலும், எழும்போது மேலே பார்த்துச் செவிகொடுத்தலும் நம் கடமை. தெற்கேயுள்ள கீ லார்கோப் பகுதியில் பவளம் நங்கூரத்தால் உடையாதபடி நிலையான மிதவைகள் அமைக்கப்பட்டுள. ஓடம் அவற்றில் கட்டப்படும். ஒரே இராஜ்யத்தில், சில மணி நேரப் பிரயாணத்திற்குள், இத்துணை வேறுபாடு.

ஓடம் தெரிவோன் துறைக்குச் சென்று நேரிற் பார்க்கவேண்டியவை இன்னும் சில. ஆட்கள் எல்லோரும் நீருக்குள் இருக்கையில் ஓடத்தை ஓட்டவல்லான் ஒருவன் மேலே இருப்பானா? சில சிறிய ஓடங்களில் தலைவனே வழிகாட்டியாய் இறங்கிவிடுகின்றான். ஆளில்லா ஓடம் நங்கூரம் பெயர்ந்து போனால் யாரை அழைப்பது? களைத்தவன் சுமையோடு ஏறத்தக்க உறுதியான ஏணி உண்டா? கம்பியில்லாத் தந்திப் பேச்சுக் கருவி வேலை செய்கின்றதா? எல்லாவற்றினும் மேலாக, பிராணவாயு நிரம்பிய சிலிண்டரும் அதனை முகத்திற் பொருத்தும் கருவியும் எங்கே உள்ளன? ஆழத்தில் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறுவானாயின் குமிழியாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். அந்நோய்க்கு முதலுதவி கலப்பற்ற பிராணவாயுவைச் சுவாசித்தலே. பிறகு அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை செய்வர். கலிபோர்னியாவில் காடலீனாத் தீவிலேயே 1974-இல் அத்தகைய அறையொன்று பல்கலைக்கழகத்தாரால் நிறுவப்பட்டது. மூழ்குவோரே ஆண்டுதோறும் பணம் திரட்டி அதற்கு உதவினர். பிராணவாயுவைக் காட்டுங்கள் என்றால், "அது எங்கோ இருக்கின்றது" என்னும் விடை வருமாயின், விடை கிடைத்துவிட்டது என்று கொள்க.

விலையைப் பற்றி ஒரு சொல். மலிந்த ஓடம் தீயதென்றோ, உயர்ந்த விலையுடையது நல்லதென்றோ விதியில்லை. நாம் அதிக மதிப்பு வைப்பது, காற்று மாறிய நாளில் "இன்று போகவேண்டாம்" என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தரும் தலைவனிடத்திலேயே. தொலைவினின்று வந்தோர் அவனை வைவர். விடுமுறை வீணாயிற்றென்று புலம்புவர். சிலர் அவனை விட்டு, போகத் துணிந்த மற்றொருவனைத் தேடிச் செல்வதும் உண்டு. அங்ஙனம் செய்தலாகாது என்பதை மட்டும் நம் மாணவரிடம் வற்புறுத்திச் சொல்வோம். ஓடத்தினின்று பிரிந்து தனியே மிதக்க நேர்ந்தால் உதவும்படி, ஊதி நிமிர்த்தும் செந்நிறக் குழலும், ஊதலும், சிறு கண்ணாடியும், விளக்கும் சட்டைப் பையில் என்றும் இருத்தல் வேண்டும். இவற்றின் விலை ஒரு நாள் ஓடக்கூலியினும் குறைவு.

எஞ்சியவை சிறு செய்திகள். வயிறு குமட்டும் இயல்புடையார் முந்திய இரவே மருந்துண்டு, காற்றடிக்கும் பக்கத்திற்கு எதிர்ப்பக்கத்து விளிம்பில் நிற்க. காற்றை நோக்கி நின்றால் நேர்வது யாதென்று எழுதவேண்டுவதில்லை. வடகுயீன்ஸ்லாந்தில் நவம்பர் முதல் மே வரையில் கொடிய சொறிமுட்டைகள் உலவுமாதலின், உடல் முழுதும் மூடும் மெல்லிய உடையை ஓடத்தார் தருவர். வெயிலாயிருக்கின்றதே என்று மறுத்தலாகாது. பல முறை மூழ்கியவன் 18 மணி நேரத்திற்குள் ஆகாய விமானம் ஏறுதல் கூடாது. ஊர் திரும்பும் நாளை இதற்கேற்ப முன்னரே வகுத்துக்கொள்க. அமெரிக்காவில் பிரயாணத்தின் முடிவில் மாலுமிகளுக்கு இனாம் கொடுத்தல் எதிர்பார்க்கப்படும். சிலிண்டர் நிரப்பியவனும், கை கொடுத்துத் தூக்கியவனும், இரவில் விழித்திருந்தவனும் பெரும்பாலும் அதனை நம்பியே உழைப்பவர். ஆஸ்திரேலியாவில் அவ்வழக்கம் இல்லை. அங்கே நன்றியை வாயாற் சொல்லி, கையெழுத்திட வேண்டிய இடத்தில் கையெழுத்திட்டு இறங்கலாம்.